முகம் தெரியாதவங்களோட படச் சங்கிலி ஆடுறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு ஆரம்பத்துல இருந்து

ஆட்டம் ரொம்ப சிம்பிள். ஒருத்தர் ஒரு படம் போடுவாங்க, அதைப் பார்த்ததும் உங்க மனசுல எது வருதோ அந்தப் படத்தை நீங்க போடணும், உங்க படத்தைப் பார்த்து அடுத்தவங்க இன்னொண்ணு. அந்தாதியில ஒரு பாட்டு முடியுற இடத்துல அடுத்த பாட்டு ஆரம்பிக்கும்ல, அதே தான், வார்த்தைக்கு பதிலா படம். ரெண்டு மூணு படத்தை சேர்த்து சினிமா பேர் கண்டுபிடிக்கிறது வேற ஆட்டம், அங்க விடை ஒண்ணு தான். இங்க ஒரே படத்துக்கு பத்து பேர் பத்து படம் போடலாம், பத்தும் சரியா இருக்கும், எனக்கு இது பிடிச்சதே அதுக்காகத்தான்.

நான் கத்துக்கிட்டது எங்க வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹால்ல. அம்மாவுக்கு ஆபரேஷன், பதினோரு நாள் அங்கயே கிடந்தேன். வேலூர் ஆஸ்பத்திரி பக்கம் வந்தவங்களுக்கு தெரியும், லாட்ஜ் போர்டெல்லாம் வங்காளத்துல கூட எழுதியிருக்கும், அவ்ளோ பேர் அங்கிருந்து வைத்தியத்துக்கு வர்றாங்க. எதிர் சீட்ல ஒரு வங்காளத்து அக்கா, அவங்களுக்கு தமிழ் வராது, எனக்கு வங்காளம் வராது. ஒரு நாள் அவங்க போன்ல அவங்க ஊர் ஆத்து படத்தை காட்டினாங்க, நான் எங்க பாலாத்து மணலை காட்டினேன், அவங்க உடனே காய்ஞ்சு வெடிச்ச வயல் ஒண்ணு காட்டினாங்க. அப்படியே சாயந்திரம் வரைக்கும் போச்சு. வீட்டுக்கு வந்தப்புறம் அந்த ஆட்டத்தை விட மனசில்ல, அதான் ஆன்லைன்ல ஆரம்பிச்சேன்.

எதுல ஆடுறது

டெலிகிராம். வாட்ஸ்அப் குரூப்ல சேர்ந்தா உங்க நம்பர் எல்லாருக்கும் தெரியும், முன்பின் தெரியாதவங்களோட ஆடுற ஆட்டத்துக்கு அது ஆகவே ஆகாது. டிஸ்கார்டும் நல்லா தான் இருக்கு, ஆனா எங்க குரூப்ல அறுபது வயசு தாண்டினவங்க நாலு பேர், அவங்களுக்கு அந்த சேனல் சர்வர் எல்லாம் பிடிபடல.

குரூப்ல சேர்றதுக்கு முன்னாடியே இதை முடிச்சிடுங்க: செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, போன் நம்பர், அதுல "நோபடி". அதுக்கு கீழயே உங்க நம்பரை வெச்சு உங்களை யார் கண்டுபிடிக்கலாம்னு ஒரு கேள்வி வரும், அதுல "மை கான்டாக்ட்ஸ்". புரொபைல் போட்டோவுக்கும் அதே மாதிரி செஞ்சிடுங்க. டிஸ்பிளே பேர்ல ஊர் பேர், இனிஷியல் எதுவும் வேணாம். டேட்டா கம்மியா இருக்கறவங்க டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்ல போயி ஆட்டோ டவுன்லோடை ஆஃப் பண்ணிக்கோங்க, வேணுங்கிற படத்தை மட்டும் தொட்டு பார்த்தா போதும்.

படம் அனுப்புறது (இங்க தான் நான் மாட்டிக்கினேன், அவசரப்படாம படிங்க)

முதல் வாரம் நான் எங்க வாசல்ல போட்ட புள்ளிக்கோலத்தை போட்டோ எடுத்து அனுப்பினேன். டெலிகிராம்ல சாதாரணமா அனுப்பினா படத்தை அமுக்கி சின்னதாக்கிடும், புள்ளியெல்லாம் மங்கிடுச்சு. சரி தெளிவா போகட்டும்னு மெசேஜ் டைப் பண்ற இடத்து பக்கத்துல பேப்பர் கிளிப் மாதிரி இருக்கற குறியை தொட்டு "ஃபைல்"னு இருக்கறதுல போயி அதே போட்டோவை மறுபடி அனுப்பினேன். பத்து நிமிஷம் ஆகல, குரூப்ல ஒருத்தர் தனியா மெசேஜ் பண்றாரு: "சகோதரி, நீங்க சத்துவாச்சாரியா? தெரு வரைக்கும் தெரியுது, உடனே அழிச்சிடுங்க." வேலூர்ல எங்க ஏரியா பேரே அது தான், எனக்கு கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. நல்ல மனுஷன், அதனால சொன்னாரு. சொல்லாம பார்த்தவங்க எத்தனை பேர்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது.

காரணம் இது தான். போன் கேமராவுல லொகேஷன் ஆன்ல இருந்தா ஒவ்வொரு போட்டோவுக்குள்ளயும் அட்சரேகை, தீர்க்கரேகை, எடுத்த தேதி, நேரம் எல்லாம் எழுதி வெச்சிடும், எக்ஸிஃப்னு சொல்லுவாங்க. போட்டோவா அனுப்பும்போது அமுக்குறப்ப அந்த விவரம் போயிடும். ஃபைலா அனுப்பினா ஒரு எழுத்து மாறாம அப்படியே போகும், வாங்கினவங்க கேலரியில விவரத்தை திறந்து பார்த்தா மேப்பே வந்துடும்.

அதனால செய்ய வேண்டியது: கேமரா ஆப் செட்டிங்ஸ்ல லொகேஷன் டேக் ஆஃப். ஏற்கனவே எடுத்த பழைய போட்டோன்னா அதை ஸ்கிரீன்ல திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஓரத்தை வெட்டி, அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்க, அதுல இடம் இருக்காது. ஃபைலா அனுப்பவே அனுப்பாதீங்க, கோலம் மங்கினா மங்கட்டும். அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை விரலால பெருசாக்கி மூலை மூலையா பாருங்க. வண்டி நம்பர், கடை போர்டு, பசங்க யூனிஃபார்ம், கரண்ட் பில், இதெல்லாம் பின்னாடி இருக்கும், எடுக்கும்போது கண்ணுக்கே தெரியாது.

சொந்த போட்டோ இல்லன்னா விக்கிமீடியா காமன்ஸ்ல (எல்லாரும் எடுத்து பயன்படுத்தற மாதிரி படங்களை சேர்த்து வெச்சிருக்கற சைட்) தேடுங்க, யார் எடுத்தது, எப்படி பயன்படுத்தலாம்னு அங்கயே எழுதியிருக்கும். கூகுள்ல தேடி கண்டதை எடுத்து போடாதீங்க, யாரோ ஒரு வீட்டு பொண்ணு முகமா கூட இருக்கும். ஏஐ படத்தை எங்க குரூப்ல சேர்க்கறதில்ல. ஒரு படத்துல மூலையில கிடக்கிற செருப்பைப் பார்த்து தான் அடுத்தவங்களுக்கு ஏதோ ஞாபகம் வரும், அந்த செருப்பை நிஜமா யாரோ கழட்டி விட்டிருக்கணும்.

தொடர்பு பிடிக்கிறது

உருவம், அர்த்தம், சத்தம், இந்த மூணுல எதை வேணா பிடிக்கலாம். நிலாவுக்கு இட்லி போட்டா உருவம். இட்லிக்கு காய்ச்சல் வந்தவரோட சாப்பாட்டு தட்டு போட்டா அர்த்தம். ஆறுங்கிற நம்பருக்கு ஓடுற ஆறு போட்டா சத்தம், தமிழ்ல இந்த வகை அள்ள அள்ள வரும்.

படம் போடறப்பவே காரணத்தையும் எழுதி மறைச்சு வெச்சிடுங்க. படத்துக்கு கீழ டைப் பண்ணி, அந்த எழுத்தை அழுத்தி செலக்ட் பண்ணினா மெனுவுல "ஸ்பாய்லர்"னு வரும், அதை தொட்டா எழுத்து புள்ளி புள்ளியா மறைஞ்சிடும். நாலு பேர் யூகம் சொன்ன பிறகு எல்லாரும் அதை தொட்டு திறக்கலாம். ஆரம்பத்துல இந்த பழக்கம் எங்களுக்கு இல்ல, அப்ப தினம் சண்டை தான், நல்ல யூகம் வந்ததும் "நானும் அதைத்தான் நினைச்சேன்"னு மாத்திடுவாங்க.

மார்க்குக்கு டிக்ஸிட் அட்டை விளையாட்டுல இருந்து ஒரு விதியை எடுத்துக்கிட்டோம். ஷான் லூயி ருபிரான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் செஞ்சது, 2008ல வந்தது, 2010ல ஜெர்மனியில வருஷத்தின் சிறந்த விளையாட்டு விருது வாங்கிச்சு. அதுல ஒருத்தர் தன்னோட பட அட்டைக்கு ஒரு குறிப்பு சொல்வாரு, அது எந்த அட்டைன்னு மத்தவங்க கண்டுபிடிக்கணும். குறிப்பு சொல்றவரோட அட்டையை எல்லாருமே கண்டுபிடிச்சாலும் அவருக்கு பூஜ்யம், யாருமே கண்டுபிடிக்கலன்னாலும் பூஜ்யம். சில பேருக்கு தெரியணும், சில பேருக்கு தெரியக்கூடாது. புதுசா வர்றவங்க ரோஜாவுக்கு முள்ளு போட்டு நிறுத்திடறாங்க, எல்லாருக்கும் தெரிஞ்சுடும், பூஜ்யம்.

நான் நேர்மாறா தப்பு பண்ணேன். ஒருத்தர் வேலூர் கோட்டை அகழி படம் போட்டிருந்தாரு, நான் உடனே காய்ஞ்ச பாலாறு போட்டேன். எங்க ஊர்ல ஒரு பழைய பேச்சு உண்டு, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. (1981ல ஜலகண்டேஸ்வரர் திரும்ப கோட்டைக்குள்ள வந்துட்டாரு, அதனால மூணாவது இப்ப பொருந்தாது.) யாருக்கும் பிடிபடல. ஆனா மலேசியாவுல இருந்து ஒரு அண்ணன், "ராஜா தோண்டினதுல தண்ணி நிக்குது, கடவுள் தோண்டினதுல நிக்கல, அதானே?"ன்னு கேட்டாரு. என் காரணத்தை விட அது எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க. அன்னிக்கு எனக்கு பூஜ்யம், அவருக்கு மூணு மார்க் குடுத்தோம்.

இன்னொரு நாள் மாட்டு வண்டி படம் போட்டேன். கனடாவுல இருக்கற யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தர் தொப்பை பிள்ளையார் போட்டாங்க. மூஞ்சூறு வாகனம், மாட்டு வண்டியும் வாகனம்னு நாங்க எல்லாம் யூகிச்சுக்கினு இருந்தோம். திறந்து பார்த்தா, அவங்க பேச்சுல வண்டின்னா வயிறு! ஸ்கூல்ல படிச்ச தமிழ்ல இதெல்லாம் எங்க கிடைக்கும்.

நேரம்

இந்தியாவுல ராத்திரி 9 மணின்னா மலேசியாவுல 11.30, டொரான்டோவுல கோடைக்காலத்துல காலை 11.30. எல்லாரும் ஒரே நேரத்துல இருக்க முடியாது, அதனால குரூப் அட்மினா இருக்கறவங்க பர்மிஷன்ஸ்ல ஸ்லோ மோட் ஒரு மணி நேரம் வெச்சிடுங்க, ஒரு தடவை போட்டவங்க மறுபடி போட ஒரு மணி நேரம் காத்திருக்கணும், ஒருத்தரே வரிசையா போட முடியாது. எந்த படத்துக்கு பதில் போடறீங்களோ அதை "ரிப்ளை" பண்ணியே போடுங்க, இல்லன்னா சங்கிலி அறுந்துடும்.

பின்னாடி சேர்த்தது

தனி மெசேஜ்ல "ஹாய்" அனுப்பி தொல்லை பண்றாங்கன்னு மூணு பேர் எழுதினீங்க. பதில் போடாம பிளாக் பண்ணிட்டு அட்மின் கிட்ட சொல்லுங்க. பரிசு, லிங்க்னு வந்தா தொடவே தொடாதீங்க. கூகுள் லென்ஸ் வெச்சு படத்தை தேடலாமான்னு ஒரு தம்பி கேட்டாரு. வேணாம் தம்பி, உங்க மனசுல என்ன வருதுன்னு பார்க்கத்தான் இத்தனை பேர் காத்துக்கினு இருக்கோம்.

மறுபடியும் சேர்த்தது

கண் தெரியாத ஒருத்தர், போன் படிச்சு காட்டுற வசதியோட தான் இந்த பதிவை கேட்டேன், நானும் ஆடணும்னு எழுதியிருந்தாரு. இதை நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும். இப்ப எங்க குரூப்ல ஒவ்வொரு படத்துக்கும் கீழ ஒரு வரி கட்டாயம்: படத்துல என்ன இருக்குன்னு மட்டும், காரணம் இல்லாம. அவர் வந்த முதல் நாள் என் படம், "குடியாத்தம் தீப்பெட்டி, பாதி திறந்திருக்கு, உள்ள ஒரே ஒரு குச்சி"ன்னு எழுதினேன். அவர் பதிலுக்கு மைக்கை அழுத்தி பிடிச்சு நாலு செகண்ட் வாய்ஸ் அனுப்பினாரு. குச்சி உரசுற சத்தம், பத்திக்கிற சத்தம், அப்புறம் தூரத்துல ஒரு கோயில் மணி. மறைச்சு வெச்ச காரணத்தை திறந்தோம்: "எங்க ஆயா விளக்கு ஏத்துற நேரம்." அன்னில இருந்து சத்தமும் படம் தான்னு விதியை மாத்திட்டோம், நீங்களும் உங்க குரூப்ல சேர்த்துக்கோங்க.