மீன் கவுச்சிக்கு எலுமிச்சைத் தோல்

எங்கள் வீடு தங்கச்சிமடத்தில். வீட்டுக்காரர் பாம்பன் ரோட்டில் ஜூஸ் கடை வைத்திருக்கிறார். ராமேஸ்வரத்துக்குக் கூட்டம் போகிற கோடையில் பிழிந்துபோட்ட எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் மட்டும் தினமும் அரைச் சாக்கு சேரும். முன்பெல்லாம் ஆடு தின்றது போக மிச்சம் குப்பைக்குத்தான். இப்போது நான் பங்கு கேட்கிறேன். அந்தத் தோலை வெல்லத் தண்ணீரில் புளிக்க வைத்து, வீடு சுத்தம் செய்ய ‘பயோ என்சைம்’ என்கிற திரவம் போடுகிறேன்.

கணக்கு சுலபம்: வெல்லம் 1 பங்கு, தோல் 3, தண்ணீர் 10. 20 லிட்டர் தண்ணீர் கேனில் 1 கிலோ, 3 கிலோ, 10 லிட்டர் என்று போட்டால் மேலே கொஞ்சம் இடம் மிஞ்சும். அது அவசியம். நல்ல கருப்பட்டியைக் கரைக்க மனசு வராது. மழைக்காலத்தில் கசிந்துபோனது மலிவாகக் கிடைக்கும், அது போதும். தண்ணீர் மட்டும் குடிக்கிற நல்ல தண்ணீராக இருக்கட்டும், எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. சால்ட் லெமனுக்குப் பிழிந்த உப்புத் தோலும் வேண்டாம்.

புளிக்கும்போது உள்ளே வாயு சேரும்; முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து அதை வெளியே விட வேண்டும். நான் முதல் தடவை கண்ணாடி ஊறுகாய் ஜாடியில் போட்டு இறுக மூடிவிட்டேன். நாலாம் நாள் ராத்திரி டமார்! மாமியார் சிலிண்டர் வெடித்தது என்று எழுந்து தெருவுக்கே ஓடிவிட்டார். அன்றிலிருந்து பிளாஸ்டிக் கேன்தான்.

உள்ளே நடப்பது பனங்காட்டுக்காரர்களுக்குப் புதிதில்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும், கள்ளை அப்படியே வைத்தால் புளித்துக் காடியாகும், அதாவது வினிகர். இங்கேயும் ஈஸ்ட் வெல்லத்தைச் சாராயமாக்குகிறது, அப்புறம் பாக்டீரியா அதைப் புளிப்பாக்குகிறது. மேலே வெள்ளை ஆடை படிந்தால் பயப்பட வேண்டாம், கலக்கி விடுங்கள். கறுப்புப் பூஞ்சை பிடித்து நாறினால் தென்னங்குழியில் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

மூன்று மாதம் கழித்துத் துணியில் வடித்தால் பழுப்பு நிறத்தில் புளித்த வாசனையோடு இறங்கும். மீன் வெட்டிய பலகை, சிங்க், கை எல்லாவற்றுக்கும் இதைத்தான் ஊற்றுகிறேன். கவுச்சிக்குக் காரணமான ட்ரைமெத்தில்அமீன் காரத்தன்மை உள்ளது; அமிலம் பட்டால் ஆவியாகாத உப்பாகிவிடும், வாடை நிற்கும். குழம்புக்குப் புளி கரைப்பதிலும் அந்த லாபம் உண்டு. அரிவாள்மனையில் ஊற்றினால் உடனே கழுவித் துடையுங்கள், துரு ஏறும்.

போர் தண்ணீர் குழாயில் படிகிற வெள்ளைச் சுண்ணாம்புக்குத் தண்ணீர் கலக்காமல் துணியில் நனைத்து ஒரு மணி நேரம் சுற்றி வைக்கிறேன். கெட்டிப் படிவுக்கு இரண்டு மூன்று தடவை ஆகும். தரை துடைக்க ஒரு வாளிக்கு ஒரு டம்ளர். மார்பிள் தரையில் மட்டும் வேண்டாம், அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷமான குளோரின் வாயு வரும்.

கடலையே சுத்தமாக்கும், ஓசோனைக் காக்கும் என்றெல்லாம் வாட்ஸப்பில் வருகிறது. அதெல்லாம் கதை. இது பழவாசனை உள்ள மெலிந்த காடி, அவ்வளவுதான்.

வடித்த சக்கையில் ஒரு கை அடுத்த கேனில் போட்டால் சீக்கிரம் நுரைக்கும். மீதியை மாமியார் அரைத்து, கருவாட்டுச் சட்டி தேய்க்க எடுத்துக்கொள்கிறார்.