தொடு உணர்ச்சிய வீட்டுலயே டெஸ்ட் பண்ணிப் பாக்குறது எப்படி?

ஒரு பேப்பர் கிளிப்ப பிரிச்சு, ரெண்டு முனையும் ஒரே பக்கம் வர்ற மாதிரி வளைச்சுக்கோங்க, நடுவுல 5 மில்லிமீட்டர் கேப் இருக்கட்டும். கூட இருக்கறவங்கள கண்ண மூடச் சொல்லிட்டு, விரல் நுனில ரெண்டு முனையையும் ஒரே நேரத்துல வைங்க, குத்திடாதீங்க, தோல் லேசா குழிஞ்சா போதும். "ரெண்டு"ன்னு டக்குனு சொல்லிடுவாங்க. அதையே முதுகுல வச்சா "ஒண்ணுதான்"னு அடிச்சு சொல்லுவாங்க! அங்க 3, 4 சென்டிமீட்டர் அகலமாக்கினாதான் ரெண்டா தெரியும். நடுநடுவுல ஒத்த முனைய மட்டும் வைங்க, இல்லன்னா குத்துமதிப்பா சொல்லி ஏமாத்துவாங்க.

இது ஏன்னா, விரல் நுனில தொடு நரம்பு முனைங்க நெருக்கமா இருக்கு, முதுகுல கம்மி.

நரம்பு மட்டும்தான் தொடுறத உணருதுன்னு நானும் ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன், ஆனா மேல்தோலோட அடி வரிசைல மெர்க்கல் செல்னு ஒண்ணு இருக்கு, கிளிப் அழுத்தும்போது அதுல இருக்கற பீசோ2ங்கற புரதக் கதவு தொறந்து அயனிங்க உள்ள பாயுது, உடனே அது தன்ன ஒட்டியிருக்கற நரம்பு நுனிக்கு ரசாயன சிக்னல் குடுக்குது, அந்த நரம்புலயும் இதே பீசோ2 இருக்கு. அழுத்தம் மாறுறத நரம்பு சட்டுனு பிடிச்சிடும், அழுத்திட்டே இருந்தா அத விடாம சொல்லிட்டு இருக்கறது மெர்க்கல் செல்லோட வேல. இந்தக் கதவ கண்டுபிடிச்சதுக்குத்தான் ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021ல நோபல், டேவிட் ஜூலியஸோட சேத்து.

அடுத்து உதட்டுலயும் கெண்டைக்கால்லயும் வச்சுப் பாருங்க, வித்தியாசம் செமயா தெரியும்.