சும்மா கிடக்கும் டிவி கேபிளில் வீட்டு நெட்வொர்க்

அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் கூடம், படுக்கையறை, பேஸ்மென்ட் என்று பல இடங்களில் சுவரில் டிவி கேபிளுக்கான முனை இருக்கும். டிவியே இன்டர்நெட்டுக்கு மாறிவிட்டதால் அது பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. வை-ஃபை திணறும் அறைக்குச் சுவரைத் துளைத்து ஈதர்நெட் இழுப்பதற்கு முன் இந்தக் கோஆக்ஸ் கேபிளைப் பயன்படுத்திப் பாருங்கள். இதற்கான தரநிலையின் பெயர் மோக்கா. காப்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வாங்க வேண்டியது, ஈதர்நெட்டைக் கோஆக்ஸில் ஏற்றி இறக்கும் மோக்கா 2.5 அடாப்டர் இரண்டு. ஒன்று ரூட்டர் பக்கம், மற்றொன்று தூரத்து அறையில். கூடுதல் அறைக்குக் கூடுதலாக ஒன்று. மொத்தம் 16 வரை சேரலாம். விநாடிக்கு 2.5 ஜிகாபிட் என்பது எல்லா அடாப்டர்களும் பங்குபோட்டுக்கொள்ளும் வேகம். அடாப்டரின் ஈதர்நெட் போர்ட் 1 ஜிகாபிட்டா, 2.5 ஜிகாபிட்டா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். வெரைசன் கம்பெனியின் ஃபைபர் இன்டர்நெட்டான ஃபியோஸின் ரூட்டர்கள் பலவற்றில் மோக்கா உள்ளேயே இருக்கிறது. அப்படியானால் ஒரு அடாப்டர் போதும். ரூட்டரில் மோக்கா ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஈதர்நெட் போர்ட்டில் இன்னொரு அடாப்டரையும் செருகினால் சுற்றுப்பாதை உருவாகி மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும்.

பெட்டியைப் பிரித்ததும் இரண்டு அடாப்டரையும் மேசையில் வைத்து, ஒரு மீட்டர் கேபிளால் நேராக இணைத்துச் சோதியுங்கள். இங்கே கோஆக்ஸ் விளக்கு எரிந்து, சுவரில் மாட்டியதும் எரியாவிட்டால் குற்றம் அடாப்டரில் இல்லை. பெரும்பாலும், ஒரு கேபிளைப் பல அறைகளுக்குப் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டரில்தான் இருக்கும்.

எல்லா அறைக் கேபிள்களும் ஓரிடத்தில் வந்து சேரும்: வெளிச்சுவர்ப் பெட்டி, கராஜ், பேஸ்மென்ட், இல்லையென்றால் பரண். அங்கே ஒரு பழைய ஸ்ப்ளிட்டர் இருக்கும். அதன் மேல் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் மாற்றுங்கள். மோக்கா ஓடுவது 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரை. பழைய ஸ்ப்ளிட்டரில் சில வீடுகளில் ஓடவும் செய்யும். ஆனால் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், காரணம் பிடிபடாது. 5–1675 என்று எழுதியதை, தேவையான அறைகளுக்கு மட்டும் போதுமான அளவில் வாங்குங்கள். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் சுமார் 3.5 டெசிபல் சிக்னலைத் தின்னும், நான்கு வழி 7, எட்டு வழி 11. வருங்காலத்துக்கு இருக்கட்டும் என்று எட்டு வழி மாட்டுவது வீண். காலி முனை இருந்தால் 75 ஓம் டெர்மினேட்டரால் மூடுங்கள். சாதாரண டிவி ஆம்ப்ளிஃபையர் நடுவில் இருந்தால் கழற்றுங்கள். அது மோக்காவைக் கடக்க விடாது.

இரண்டே அறைகள், கேபிள் கம்பெனி சேவையும் இல்லை என்றால் ஸ்ப்ளிட்டரே வேண்டாம். அந்த இரண்டு கேபிள்களையும் ஒரு பேரல் கனெக்டரால் நேராகச் சேர்த்துவிடுங்கள். இதைவிடச் சிறந்த இணைப்பு கிடையாது. மூன்று அறை என்றால், ரூட்டர் இருக்கும் அறையின் கேபிளை ஸ்ப்ளிட்டரின் உள்வரும் முனையில் கொடுங்கள். வெளிச்செல்லும் முனை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்தான் சிக்னல் அதிகம் இழக்கும்.

இன்டர்நெட்டே கேபிள் கம்பெனி கோஆக்ஸில் வருகிறதா? அப்போது அந்த உள்வரும் முனை வெளியிலிருந்து வரும் லைனுக்குப் போய்விடும். அங்கே ஒரு மோக்கா ஃபில்டர் கட்டாயம். உங்கள் சிக்னல் பக்கத்து வீட்டுக்குக் கசியாமல் அது தடுக்கும். தடுத்ததைத் திருப்பி உள்ளேயே அனுப்புவதால் அறைகளுக்கு இடையிலான இணைப்பும் பலப்படும். டாக்சிஸ் 3.1 (கேபிள் இன்டர்நெட்டுக்கான தரநிலை) மோடம் 1218 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தக்கூடியது. மோக்கா மாட்டிய பிறகு மோடத்தின் இணைப்பு அடிக்கடி அறுந்தால், மோடத்தின் கோஆக்ஸ் முனையில் இன்னொரு ஃபில்டர் போடுங்கள். மோடமும் அடாப்டரும் ஒரே அறையில் என்றால், அந்த அறையில் ஒரு இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் வைத்து, மோடம் பக்கத்துக் கிளையில் மட்டும் இதை மாட்ட வேண்டும். இரண்டுக்கும் பொதுவான கேபிளில் மாட்டினால் அடாப்டரும் சேர்ந்து ஊமையாகும்.

டிஷ் ஆன்டெனா கேபிளில் மட்டும் கை வைக்காதீர்கள். அதில் 950–2150 மெகாஹெர்ட்ஸ் ஓடுகிறது, மோக்காவோடு மோதும். போதாததற்கு ஆன்டெனாவுக்கான 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் அதே கேபிளில் போகிறது. நம்மூர் டிடிஎச் கேபிளுக்கும் இதே கதைதான். டிஷ்ஷையும் செட்-டாப் பெட்டியையும் முழுக்கக் கழற்றிவிட்டால் அந்தக் கேபிளைப் பயன்படுத்தலாம்.

எந்தக் கேபிள் எந்த அறைக்கு என்று தெரியாவிட்டால் கோஆக்ஸ் டெஸ்டர் ஒன்று வாங்கி அடையாளச் சீட்டு ஒட்டிவிடுங்கள். திருகு கனெக்டர் தளர்ந்திருந்தால் வெட்டிவிட்டு, ஆர்ஜி-6க்கான (வீடுகளில் வழக்கமான கோஆக்ஸ் வகை) கம்ப்ரஷன் கனெக்டர் போடுங்கள். உள்ளே வெள்ளை நுரை கனெக்டரின் உள்தரையோடு சமமாக நிற்க வேண்டும். நடுக் கம்பி விளிம்பைத் தாண்டி 2–3 மில்லிமீட்டர் நீள வேண்டும். நுரையைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னலின் ஒரே ஒரு இழை நடுக் கம்பியைத் தொட்டாலும் இணைப்பு செத்துவிடும். கையால் இறுக்கி, 7/16 அங்குல ஸ்பேனரால் இன்னும் சிறிது திருப்பினால் போதும்.

கடைசியில் இரு முனைகளிலும் கணினி வைத்து, நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 நிரலை ஓட்டுங்கள். 1 ஜிகாபிட் போர்ட்டில் 940 மெகாபிட்டுக்கு அருகில் வந்தால் எல்லாம் சரி. 300, 400 என்று நின்றால் சுவர்த் தகடுகளைக் கழற்றிப் பாருங்கள். பின்னால் யாரோ மறைத்துவைத்த இன்னொரு ஸ்ப்ளிட்டர் கிடைக்க வாய்ப்பு அதிகம். அபார்ட்மென்ட் என்றால் எல்லா அடாப்டரிலும் ஒரே கடவுச்சொல் கொடுத்து மோக்கா என்க்ரிப்ஷனை இயக்குங்கள். அதை ஒவ்வொன்றாகச் செய்யும்போது, தூரத்து அறையிலிருப்பதை முதலில் மாற்றுங்கள்; ரூட்டர் பக்கத்ததை முதலில் மாற்றினால் மற்றது உடனே துண்டிக்கப்படும், அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்க நீங்கள் அந்த அறைக்கே நடக்க வேண்டியிருக்கும்.