கண்ணாடிச் சீட்டை நீங்களே படித்துப் புரிந்துகொள்ளும் முறை

கண் பரிசோதனை முடிந்ததும் தரப்படும் சீட்டை நம்மில் பலர் மடித்துப் பையில் வைத்து, அப்படியே கண்ணாடிக் கடையில் நீட்டிவிடுகிறோம். அதில் இருப்பவை நான்கைந்து எண்கள்தாம். அவற்றைப் படிக்கத் தெரிந்தால், கண்ணில் என்ன குறை என்பது விளங்கும். செய்து வந்த கண்ணாடியை ஓரளவு வீட்டிலேயே சரிபார்க்கவும் முடியும். உங்கள் சீட்டையும் அணியும் கண்ணாடியையும் எடுத்து வைத்துக்கொண்டு தொடருங்கள்.

படி 1: எந்த வரி எந்தக் கண்ணுக்கு?

‘ஆர்’ அல்லது ‘ஓ.டி.’ என்றிருப்பது வலக்கண். ‘எல்’ அல்லது ‘ஓ.எஸ்.’ என்றிருப்பது இடக்கண்.

படி 2: ‘எஸ்.பி.எச்.’ கட்டம்

இதுவே நாம் பேச்சில் ‘பவர்’ என்று சொல்வது. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் கிட்டப்பார்வை. கூட்டல் குறி இருந்தால் தூரப்பார்வை. இந்தப் பெயர்களில் பலரும் குழம்புகிறார்கள். கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும், தொலைவில் இருப்பது மங்கும் என்று பொருள். இருக்கும் பார்வையை வைத்தே பெயர் வந்தது, இல்லாத பார்வையை வைத்தன்று.

பவரின் அலகு டயாப்டர், பொதுவாக 0.25 என்ற படிகளில் ஏறும், இறங்கும். கழித்தல் பவர் உள்ளவர்கள் 100 என்ற எண்ணைத் தங்கள் பவரால் வகுத்துப் பாருங்கள். −2.00 என்றால் 50 செ.மீ., −4.00 என்றால் 25 செ.மீ. கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செய்தித்தாளை மெல்லத் தள்ளிக்கொண்டே போனால் ஏறத்தாழ அந்தத் தூரத்தில் எழுத்து மங்கத் தொடங்கும். சீட்டில் உள்ள எண் உங்கள் கண் தெளிவாகக் காணும் எல்லையின் அளவு என்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடி அணிந்தால் பவர் ஏறிவிடும் என்ற அச்சம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. வளரும் வயதில் விழிக்கோளம் நீள்வதால்தான் கிட்டப்பார்வை கூடுகிறது. கண்ணாடி அதற்குக் காரணமன்று. மாறாக, ஒரு கண்ணில் மட்டும் பவர் மிகுந்திருக்கும் குழந்தைக்குக் கண்ணாடி தராமல் விட்டால், மூளை அந்தக் கண்ணைப் புறக்கணித்து ‘சோம்பல் கண்’ என்ற நிலை வரலாம். அதைச் சிறு வயதிலேயே கண்டறிந்தால்தான் எளிதில் சரிசெய்ய முடியும் என்பதால், குழந்தைகள் விஷயத்தில் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

படி 3: ‘சி.ஒய்.எல்.’, ‘ஆக்சிஸ்’ கட்டங்கள்

பெரும்பாலும் கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாததால் ஏற்படும் பார்வைச் சிதறலைச் சரிசெய்யும் பவர் சிலிண்டர். அந்தப் பவரை எந்தக் கோணத்தில் பொருத்த வேண்டும் என்பதை 1 முதல் 180 வரையிலான எண்ணாகச் சொல்வது ஆக்சிஸ். சிலிண்டர் கட்டம் காலியாக இருந்தால் ஆக்சிஸும் இருக்காது.

என் அம்மாவின் இரண்டு சீட்டுகளில் ஒன்று −1.00, சிலிண்டர் −0.50, ஆக்சிஸ் 180 என்றும், மற்றொன்று −1.50, சிலிண்டர் +0.50, ஆக்சிஸ் 90 என்றும் இருந்ததைக் கண்டு, பவர் ஏறிவிட்டதென்று வீட்டில் எல்லோரும் கலங்கினோம். இரண்டும் ஒரே பவர்தான். முதல் இரண்டு எண்களையும் கூட்டினால் புதிய பவர் வரும்; சிலிண்டரின் குறியை மாற்றி, ஆக்சிஸை 90 பாகை நகர்த்தினால் ஒரு முறையில் எழுதியது மற்ற முறைக்கு மாறிவிடும்.

படி 4: ‘ஆட்’ கட்டம்

நாற்பது வயதையொட்டி விழிலென்ஸ் நெகிழ்வை இழப்பதால் வருவது வெள்ளெழுத்து. படிப்பதற்காக, தூரப் பவருடன் கூட்ட வேண்டிய அளவே ‘ஆட்’. −2.00 பவர் உள்ளவருக்கு ஆட் +2.00 என்றால் கூட்டுத்தொகை சுழியம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பதன் காரணம் இதுதான்.

படி 5: ‘பி.டி.’

இரு கண் பாவைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம் இது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 74 மி.மீ.க்குள் இருக்கும். சீட்டில் இல்லையென்றால் கடையில் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். பவர் கூடுதலாக இருந்து லென்ஸின் மையம் விலகிப்போனால், எழுத்து தெளிவாகத் தெரிந்தும் தலைவலி வரக்கூடும்.

படி 6: புதிய கண்ணாடியைச் சரிபார்த்தல்

கண்ணாடியைக் கண்ணுக்குச் சற்று முன்னால் பிடித்து, அதன் வழியே தொலைவில் உள்ள கதவு நிலையைப் பார்த்தபடி பக்கவாட்டில் அசையுங்கள். கழித்தல் லென்ஸில் நிலை, கண்ணாடி போகும் திசையிலேயே நகரும். கூட்டல் லென்ஸில் எதிர்த்திசையில் நகரும். பிறகு கண்ணாடியைச் சக்கரம் போலச் சுற்றுங்கள். சிலிண்டர் இருந்தால் நிலையின் நேர்கோடு சாய்ந்து தெரியும். இல்லையென்றால் நேராகவே நிற்கும். பவரின் அளவை இவ்வாறு அறிய முடியாது. குறியையும் வகையையும் மட்டுமே அறியலாம்.

புதிய கண்ணாடியில் தரை மேடாகவோ பள்ளமாகவோ தோன்றுவது, குறிப்பாகச் சிலிண்டர் மாறியிருந்தால், சில நாட்களில் பழகிவிடும். ஒரு வாரம், பத்து நாளாகியும் பழகவில்லையென்றால், சீட்டுடன் கடைக்குச் சென்று, லென்ஸின் பவர், ஆக்சிஸ், மையம் ஆகிய மூன்றையும் லென்ஸ்மீட்டரில் வைத்து உங்கள் முன்னிலையில் பார்க்கச் சொல்லுங்கள். அவை சீட்டுடன் ஒத்துப்போனால், பரிசோதித்த மருத்துவரிடமே திரும்பிச் செல்ல வேண்டும். ஆனால் கண்ணில் திடீரென மின்னல் கீற்றுகள் தெரிந்தாலோ, திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைந்தாலோ, அது கண்ணாடிக் கோளாறாக இருக்காது. விழித்திரை விலகியிருக்கலாம் என்பதால் அன்றே கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.