காசை மறைத்தது கை, காட்டிக்கொடுத்தது கண்

டச்சுக்குடாக் கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டிருந்த மருமகனுக்கு 5 ரூபாய்க் குற்றியொன்றை மறைத்துக் காட்டினேன். "மாமா, காசு இடது கையிலதானே கிடக்கு?" என்றான். மானம் போயிற்று.

செய்முறை எளிது. இடது உள்ளங்கை மேலே பார்த்திருக்க, பெருவிரலுக்கும் மற்ற விரல் நுனிகளுக்கும் நடுவே குற்றியைப் பிடிக்க வேண்டும். வலது கை அதை எடுப்பதுபோல் வந்து மூடும். அந்த மறைவில் இடது பெருவிரலைத் தளர்த்தினால் குற்றி இடது கைக்குள்ளேயே விழுந்துவிடும். ஆங்கிலத்தில் பிரெஞ்ச் டிராப் என்பார்கள்.

வீட்டில் கண்ணாடி முன் நின்றபோதுதான் பிழை விளங்கியது. குற்றி கிடந்த இடது கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்! அதையும் விறைப்பாக இறுக்கி வைத்திருந்தேன். வெறும் வலது கையோ உள்ளே ஒன்றுமில்லை என்பதுபோல் தட்டையாக மூடியிருந்தது.

அப்புறம் வித்தையை விட்டுவிட்டு, குற்றியை உண்மையாகவே வலது கையால் எடுத்து எடுத்துப் பார்த்தேன். கண் எங்கே போகிறது, முஷ்டி எவ்வளவு உப்புகிறது என்று கவனித்து, பொய்யாக எடுக்கும்போதும் அப்படியே செய்தேன். இடது கையைச் சும்மா தொங்கவிட்டேன். (நம்மூர்ப் புழுக்கத்தில் குற்றி விரலில் ஒட்டும், கைலேஞ்சி அவசியம்.)

அடுத்த ஞாயிறு வலது கையை ஊதி விரித்தேன். மருமகன் என் சட்டைக் கையைச் சுருட்டிச் சுருட்டித் தேடினான்.