உலக முடிவுக்கு விடியுமுன் புறப்படுங்கள்

முதல் தடவை இலங்கை மலையகத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போனபோது நான் கண்டது வெறும் வெள்ளை மூட்டம். தங்கியிருந்த விடுதியில் ஐந்து மணிக்குக் காலைச் சாப்பாடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். ஆறரைக்குத்தான் சமையலறையில் விளக்கே எரிந்தது. 'உலக முடிவு' என்னும் அந்தப் பாறை விளிம்பை நாங்கள் அடைந்தபோது மணி பத்தரை. பள்ளத்திலிருந்து ஏறிய மேகம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் நடந்தோம்?" என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

ஆகவே முதலில் நேரம். பூங்கா காலை 6 மணிக்குத் திறக்கிறது. ஒன்பதரைக்குள் விளிம்பில் நிற்க வேண்டுமானால் முதல் நாளே நுவரெலியாவுக்கு வந்து தங்கிவிடுங்கள். அங்கிருந்து பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ 32 கிலோமீற்றர். வளைவுப் பாதை, ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். ஐந்து மணிக்கு வாடகை வான் விடுதி வாசலில் நிற்க வேண்டும். வானோட்டிகளில் பலர் மலையகத் தமிழர். நாம் "அண்ணை" என்போம், அவர்கள் "அண்ணே" என்பார்கள். பேச்சு ஒட்டிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

ஒஹிய வரை ரயிலில் போய் நடக்கலாமே என்று சிலர் ஆசைப்படுவார்கள். அழகான யோசனைதான். ஆனால் நிலையத்திலிருந்து மேலே பத்து கிலோமீற்றருக்கு மேல் ஏற்றம். நீங்கள் போய்ச் சேருமுன் மேகம் சேர்ந்துவிடும். ரயிலை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வானம் தெளிந்திருப்பது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. அதே மாதங்களில்தான் விடியற்காலைப் புல்லில் உறைபனியும் படியும். 2,100 மீற்றருக்கு மேலான உயரம் அது. கனடாக் குளிரைக் கண்ட எங்களுக்கு இதெல்லாம் ஒரு குளிரா என்று மேற்சட்டையை விடுதியில் விட்டுப்போன என் மைத்துனர், ஏழு மணிக்கு வானின் இருக்கைத் துணியைப் போர்த்திக்கொண்டு நின்றார். ஒன்பது மணிக்கு வெயில் சுடும், அது வேறு கதை. கழற்றக்கூடிய உடுப்பு, பிடிப்புள்ள சப்பாத்து, ஒரு மழைச்சட்டை போதும்.

நுழைவுச்சீட்டு விலை வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குப் பல மடங்கு. தமிழில் பேசினாலும் சலுகை இல்லை. இலங்கை அடையாள அட்டை வைத்திருக்கும் இரட்டைக் குடியுரிமையாளர்கள் அதை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே போகுமுன் பையைத் திறந்து பார்த்து, பொலித்தீன் உறைகளை அகற்றிவிடுவார்கள். ரொட்டியையும் சம்பலையும் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுபோனால் சிக்கல் இல்லை. கழிப்பறைக்கு, நடை தொடங்கும் இடமான ஃபார் இன்னிலேயே போய்விடுங்கள், நடைபாதையில் கிடையாது. அங்கே வாகனத் தரிப்பிடத்தில் மரைகள், அதாவது பெரிய மான்கள், வந்து நிற்கும். பிள்ளைகள் பிஸ்கட் நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடை ஒரு வட்டம், சுமார் 9.5 கிலோமீற்றர், நின்று பார்த்து நடக்க மூன்று மணி நேரம். பேக்கர் நீர்வீழ்ச்சியைத் திரும்பும்போது பார்க்கலாம், அது எங்கும் ஓடிப் போகாது. முதலில் விளிம்புப் பக்கம் போங்கள். புல்வெளி முடிந்து மேகக் காடு தொடங்கும் இடத்தில் வெளிச்சமே மாறிவிடும்: குட்டையான, முறுக்கிய மரங்கள், கிளையெல்லாம் பாசி, காலடியில் வேர்கள். பிறகு திடீரென்று காடு விலகும். கீழே ஏறத்தாழ 870 மீற்றர் வெறும் காற்று. அதற்கும் கீழே தேயிலைத் தோட்டங்கள், தீப்பெட்டி அளவில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீட்டுக் கூரைகள். இரண்டாம் தடவை போனபோதுதான் இதைக் கண்டேன். கால் மணி நேரம் யாரும் பேசவில்லை.

அங்கே படம் எடுக்கப் பின்னோக்கி நகராதீர்கள். 2015இல் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படம் எடுக்கப்போய் விழுந்தார். ஒரு மரம் தாங்கியதால் பிழைத்தார், இராணுவத்தினர் மேலே கொண்டுவந்தார்கள். சிறுபிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகள் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருந்துவிடலாம். பதினொரு மணிக்கு வானில் ஏறினால், வழியில் அம்பேவெலப் பண்ணையில் பால் குடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு நுவரெலியா வந்துவிடலாம். அந்நேரம் எதிரே மேலேறி வரும் வாகனங்களுக்கு வழிவிட்டு நிற்கும்போது, பாவம், அவர்களிடம் ஒன்றும் சொல்லாதீர்கள்.