இந்திரா சௌந்தர்ராஜன் நாவல் புதுசா படிக்கறவங்க எங்கேருந்து ஆரம்பிக்கலாம்

முதல்ல 'விட்டு விடு கருப்பா' எடுங்க, இதான் டிவில 'விடாது கருப்பு'னு வந்துச்சு, சீரியல் பாத்திருந்தாலும் பரவால்ல, இது சாமி வேலையா மனுஷன் வேலையாங்கற சந்தேகம் படிக்கும்போது இன்னும் உள்ள இறங்கும். ராத்திரி மட்டும் படிங்க. கடலூர் ஓல்ட் டவுன்ல எங்க வீட்டு மாடில, கரண்ட் போன நேரம், செல் டார்ச் வெளிச்சத்துல படிச்சேன், பக்கத்து வீட்டு தகரக் கதவு காத்துல டக் டக்னு அடிச்சது அப்படியே கதைல வர்ற கருப்பசாமியோட குதிரை குளம்பு சத்தம் மாதிரி இருந்துச்சு, புக்க குப்புற வெச்சுட்டு அம்மா பக்கத்துல போய் படுத்துட்டேன்.

அப்புறம் 'ரகசியமாக ஒரு ரகசியம்'. கோயில், சித்தர்னு போகும், ஆளுங்க நிறைய, ரெண்டே நாள்ல முடிச்சிடுங்க, விட்டு விட்டு படிச்சா முடிச்சு நழுவிடும். கடைசிப் பக்கத்த முன்னாடியே புரட்டவே கூடாது. 2024 நவம்பர்ல இந்திரா சௌந்தர்ராஜன் இறந்தப்புறம் நான் ரெண்டையும் திரும்ப படிச்சேன், பயம் கொஞ்சமும் குறையல. புக் கிடைக்கலன்னா பாண்டி ரோமன் ரோலண்ட் லைப்ரரில கேட்டுப் பாருங்க.